ஒரே ஸ்கிரிப்ட், மூன்று இயங்குதளங்கள்: ஃபைல் பாதைகளில் சிக்கிக்கொள்ளாமல் இருக்க ஒரு வழிகாட்டி

மாதக் கணக்கு ஃபைல்களை ஒன்றாகச் சேர்க்க ஒரு பைதான் ஸ்கிரிப்ட் எழுதினேன். என் லினக்ஸ் கணினியில் ஆறு மாதம் எந்தக் குறையும் இல்லாமல் ஓடியது. பிறகு கூட வேலை செய்யும் இருவருக்குக் கொடுத்தேன். விண்டோஸ் வைத்திருந்தவரிடம் தொடங்கவே இல்லை. மேக் வைத்திருந்தவரிடம் ஒரு பிழையும் காட்டாமல் ஓடி முடிந்தது. ஆனால் ஏழு ஃபைல்களில் நான்கு, கணக்கில் சேரவே இல்லை. மொத்தத் தொகை தப்பு என்று கண்டுபிடிக்க மூன்று வாரம் ஆனது. ஏன் தப்பு என்று புரிய இன்னும் நான்கு நாள்.

நிரலின் கணக்கிடும் பகுதியில் ஒரு பிழையும் இல்லை. எல்லாம் ஃபைல் பாதையில்தான். நீங்கள் இப்போதுதான் ஸ்கிரிப்ட் எழுதத் தொடங்கியிருந்தால், அதை ஒருநாள் இன்னொருவர் கணினியில் ஓட்டப்போகிறீர்கள் என்றால், கீழே உள்ள வரிசையில் போங்கள். உதாரணங்கள் பைதானில், மற்ற மொழிகளில் மாறுபடும் இடத்தைச் சொல்லியிருக்கிறேன். கட்டளைப் பெயர்களை உச்சரிப்புப்படி தமிழில் எழுதியிருக்கிறேன், எடிட்டரில் ஆங்கிலத்தில் தட்டிக்கொள்ளுங்கள்.

1. முதலில் கையில் இருக்க வேண்டியவை

பைதான் 3.6 அல்லது அதற்குப் பிந்தைய பதிப்பு. ஃபைல் பாதைகளைக் கையாளும் பாத்லிப் என்ற நூலகம் 3.4-லேயே வந்துவிட்டது, ஆனால் அதன் பாதையை நேரடியாக ஓப்பன் கட்டளைக்குக் கொடுக்க முடிந்தது 3.6 முதல்தான். தனியாக எதையும் நிறுவ வேண்டாம், காசும் வேண்டாம்.

சோதிக்க வேறு இயங்குதளம் வேண்டும். விண்டோஸ் உங்களிடம் இல்லையென்றால், மைக்ரோசாஃப்ட் தரும் 90 நாள் மதிப்பீட்டுப் பதிப்பை ஒரு மெய்நிகர் கணினியில் போட்டுக்கொள்ளலாம். மேக்குக்கு அந்த வழி கிடையாது. ஆப்பிள் உரிமப்படி அது ஆப்பிள் கணினியில் மட்டுமே ஓட வேண்டும். யாரிடமாவது ஒரு மணி நேரம் கேட்டு வாங்குங்கள். இல்லையென்றால், தங்கள் கணினிகளில் நிரலை ஓட்டித் தரும் கிட்ஹப் ஆக்‌ஷன்ஸில் மூன்று இயங்குதளத்திலும் சோதனையை ஓட்டுங்கள். உங்கள் நிரலை வைத்திருக்கும் களஞ்சியம் (ரெப்பாசிட்டரி) பொதுவானதாக இருந்தால் அவர்களின் வழக்கமான கணினிகளுக்குக் கட்டணம் இல்லை. தனியார் களஞ்சியத்தில் இலவச நிமிடங்களுக்கு வரம்பு உண்டு, மேக் நிமிடம் லினக்ஸ் நிமிடத்தைவிட விலை கூடுதல். அதனால் மேக் சோதனையைக் கடைசியில் வையுங்கள்.

நேரம்: முந்நூறு வரி ஸ்கிரிப்ட் என்றால் திருத்த அரை நாள், சோதிக்க இன்னொரு அரை நாள். புதிதாக எழுதும்போதே இப்படி எழுதினால் கூடுதல் நேரமே ஆகாது.

2. நேரடியாக எழுதிய பாதைகளை எல்லாம் தேடிப் பிடியுங்கள்

எடிட்டரில் தேடல் பெட்டியைத் திறந்து ஒவ்வொன்றாகத் தேடுங்கள்: மேற்கோளுக்குள் இருக்கும் ஸ்லாஷ் (/), பேக்ஸ்லாஷ் (\), "சி:" போன்ற டிரைவ் எழுத்து, உங்கள் பயனர் பெயர், தற்காலிக ஃபோல்டரின் பெயர். கிடைத்ததை ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். என் ஸ்கிரிப்டில் ஐந்தாறு இருக்கும் என்று நினைத்துத் தேடினேன். இருபத்து மூன்று இருந்தன.

பேக்ஸ்லாஷில் ஒரு பொறி இருக்கிறது. பைதானில் பேக்ஸ்லாஷை அடுத்து ஆங்கிலச் சின்ன "என்" வந்தால் அது புதிய வரி. சின்ன "டி" வந்தால் டேப். சி டிரைவில் "நியூ" என்ற ஃபோல்டருக்குள் "டேபிள்" என்ற ஃபைல் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். அந்தப் பாதையை அப்படியே மேற்கோளுக்குள் ஆங்கிலத்தில் எழுதினால், நடுவில் ஒரு வரி உடைந்து, பின்னால் ஒரு பெரிய இடைவெளியோடு, இல்லாத ஒரு பெயர் உருவாகும். "யூசர்ஸ்" ஃபோல்டர் இன்னும் மோசம். பேக்ஸ்லாஷை அடுத்துப் பெரிய "யூ" வந்தால் எட்டு இலக்க யூனிகோடு எண் வரப்போகிறது என்று பைதான் எதிர்பார்க்கும். அது கிடைக்காததால் நிரலைத் தொடங்கவே மறுக்கும். விண்டோஸ் நண்பரிடம் நடந்தது இதுதான்: பாதையைத் தன் கணினிக்கு ஏற்ப மாற்றி எழுதினார், அந்த மாற்றமே நிரலை நிறுத்திவிட்டது.

மேற்கோளுக்கு முன் "ஆர்" எழுத்தைப் போட்டால் பேக்ஸ்லாஷ் வெறும் பேக்ஸ்லாஷாகவே இருக்கும். ஆனால் அப்படி எழுதும் சரம் ஒற்றைப் பேக்ஸ்லாஷில் முடிய முடியாது. என் தீர்ப்பு: பேக்ஸ்லாஷை நிரலுக்குள் எழுதவே எழுதாதீர்கள். பைதான், நோட் (ஜாவாஸ்கிரிப்டை ஓட்டும் நோட்.ஜேஎஸ்) போன்றவை விண்டோஸிலும் முன்னோக்கிய ஸ்லாஷை ஏற்றுக்கொள்ளும். தகராறு செய்வது விண்டோஸின் பழைய கட்டளைச் சாளரத்தின் (சிஎம்டி) உள்கட்டளைகள்தான். அங்கே ஸ்லாஷ் என்றால் தெரிவு (ஆப்ஷன்) என்று பொருள்.

3. பாதை எங்கிருந்து தொடங்குகிறது என்று முடிவு செய்யுங்கள்

"தரவு/ஜனவரி.சிஎஸ்வி" என்று எழுதினால், எந்த ஃபோல்டரிலிருந்து? ஸ்கிரிப்ட் இருக்கும் இடத்திலிருந்து என்று பலர் நினைக்கிறார்கள். இல்லை. ஓட்டும்போது டெர்மினல் நிற்கும் ஃபோல்டரிலிருந்து. நாமே ஓட்டும்போது இரண்டும் பெரும்பாலும் ஒன்றாக இருப்பதால் வித்தியாசம் தெரிவதில்லை. லினக்ஸில் குறித்த நேரத்தில் நிரலைத் தானாக ஓட்டும் கிரான், உங்கள் வீட்டு ஃபோல்டரிலிருந்து ஓட்டும். விண்டோஸ் டாஸ்க் ஷெட்யூலரில் "தொடங்கும் இடம்" பெட்டியைக் காலியாக விட்டால் சிஸ்டம்32 ஃபோல்டரிலிருந்து ஓட்டும். பகலில் ஓடிய ஸ்கிரிப்ட் இரவில் "ஃபைல் இல்லை" என்று சொன்னால் முதலில் இதைப் பாருங்கள்.

ஸ்கிரிப்டோடு கூடவே வரும் ஃபைல்களுக்கு ஸ்கிரிப்டின் இடத்தையே ஆதாரமாக வையுங்கள். பைதானில் இருபக்கமும் இரட்டை அடிக்கோடு இட்ட "ஃபைல்" மாறியை பாத்லிப்பின் பாத்துக்குக் கொடுத்து, ரிசால்வ் செய்து, பேரன்ட் எடுத்தால் ஸ்கிரிப்ட் இருக்கும் ஃபோல்டர் கிடைக்கும். நிரலின் தலையில் ஒரே ஒரு முறை இதைச் செய்து, "அடி" என்றோ "ரூட்" என்றோ ஒரு மாறியில் போட்டுக்கொள்ளுங்கள். பவர்ஷெல்லில் இதற்கு டாலர் பிஎஸ்ஸ்கிரிப்ட்ரூட் என்ற மாறி தயாராக இருக்கிறது. நோட்டின் பழைய பாணி நிரல்களில் இரட்டை அடிக்கோடு டிர்நேம்.

பயனர் கட்டளை வரியில் தரும் பாதை வேறு விஷயம். அதை ஸ்கிரிப்ட் இருக்கும் இடத்தோடு ஒட்டாதீர்கள். தான் நிற்கும் ஃபோல்டரிலிருந்துதான் அவர் சொல்கிறார், அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள். அலைக்குறியில் (~, அதாவது வீட்டு ஃபோல்டர்) தொடங்கும் பாதையை டெர்மினலில் ஓடும் ஷெல் விரித்துக் கொடுக்கும், பைதான் தானாக விரிக்காது. அமைப்பு ஃபைலிலிருந்து பாதையைப் படிக்கிறீர்கள் என்றால் எக்ஸ்பாண்ட்யூசர் ஒரு முறை கூப்பிட வேண்டும். இல்லையென்றால் அலைக்குறியையே பெயராகக் கொண்ட ஒரு ஃபோல்டரைத் தேடிக்கொண்டிருக்கும்.

4. ஒட்டும் வேலையை நூலகத்திடம் விடுங்கள்

சரங்களைக் கூட்டல் குறியால் ஒட்டாதீர்கள். பாத்லிப்பில் பாதைக்கும் அடுத்த பகுதிக்கும் நடுவில் வகுத்தல் குறி போட்டால் போதும்: அடி / "தரவு" / "ஜனவரி.சிஎஸ்வி". விண்டோஸில் ஓடும்போது அதுவே பேக்ஸ்லாஷ் போட்டுக்கொள்ளும். நோட்டில் பாத்.ஜாயின், கோ (Go) மொழியில் ஃபைல்பாத்.ஜாயின். கோ மொழியில் வெறும் "பாத்" என்ற தொகுப்பும் உண்டு; அது எப்போதும் முன்னோக்கிய ஸ்லாஷ்தான் போடும், வலை முகவரிகளுக்கானது. பெயர் ஒத்திருப்பதால் மாற்றிப் போட்டுவிட வாய்ப்பு அதிகம்.

இங்கே இருக்கும் பொறியைத் தெரிந்துகொள்ளுங்கள். பைதானில் இரண்டாவது பகுதி ஸ்லாஷில் தொடங்கினால் முதல் பகுதி சத்தமில்லாமல் காணாமல் போகும். அடி / "/அறிக்கை" என்று எழுதினால், லினக்ஸிலும் மேக்கிலும் கிடைப்பது கணினியின் வேர் ஃபோல்டரில் உள்ள "அறிக்கை". விண்டோஸில் அதே டிரைவின் வேர். நோட்டின் பாத்.ஜாயின் இப்படிச் செய்யாது, ஆனால் அதன் பாத்.ரிசால்வ் இப்படித்தான் செய்யும். வெளியிலிருந்து வரும் பெயரை ஒட்டுகிறீர்கள் என்றால், ஒட்டி முடித்து ரிசால்வ் செய்தபின் அது இன்னும் உங்கள் ஃபோல்டருக்குள்தான் இருக்கிறதா என்று சரிபாருங்கள். இரட்டைப் புள்ளியால் (..) வெளியே ஏறிப்போகும் பாதையையும் அதே சோதனை பிடித்துவிடும்.

"ஸ்லாஷை எல்லாம் பேக்ஸ்லாஷாக மாற்று, அல்லது திருப்பி மாற்று" என்ற வைத்தியத்தை நிறையப் பேர் சொல்வார்கள். செய்யாதீர்கள். லினக்ஸில் பேக்ஸ்லாஷ் ஃபைல் பெயரில் வரக்கூடிய சாதாரண எழுத்து.

5. எல்லா இடத்திலும் செல்லுபடியாகும் பெயரை வையுங்கள்

லினக்ஸில் ஸ்லாஷையும் பூஜ்ய எழுத்தையும் தவிர எதையும் பெயரில் போடலாம். விண்டோஸில் < > : " / \ | ? * இந்த ஒன்பதும் கூடாது. நம்மை மாட்டிவிடுவது முக்காற்புள்ளிதான், ஏனென்றால் நேரத்தைப் பெயரில் சேர்க்கும் பழக்கம் எல்லோருக்கும் உண்டு. "பதிவு-10:30:00" லினக்ஸில் உருவாகும், விண்டோஸில் உருவாகாது. 10-30-00 என்று எழுதிவிடுங்கள்.

பெயரின் கடைசியில் புள்ளியோ இடைவெளியோ இருந்தால் விண்டோஸ் அதைக் கழற்றிவிடும். கான், பிஆர்என், ஏயுஎக்ஸ், என்யுஎல், காம்1 முதல் காம்9, எல்பிடி1 முதல் எல்பிடி9 ஆகிய பெயர்களை விண்டோஸ் தனக்கென்று ஒதுக்கி வைத்திருக்கிறது. ஏயுஎக்ஸ் என்று ஃபோல்டர் வைத்த ஒரு களஞ்சியத்தை விண்டோஸில் இறக்க முயன்று ஒரு மாலை முழுக்கப் போனது எனக்கு.

நீளத்தில் தமிழில் பெயர் வைப்பவர்கள் கூடுதல் கவனம் வைக்க வேண்டும். லினக்ஸின் வழக்கமான ஈஎக்ஸ்டி4 கோப்பு முறைமையில் ஒரு பெயருக்கு 255 பைட். தமிழ்க் குறியீடு (யூனிகோடு ஓர் எழுத்துக்கோ குறிக்கோ தரும் எண்) ஒவ்வொன்றும் யூடிஎஃப்-8 குறிமுறையில் 3 பைட் எடுக்கும். ஆக 85 குறியீடுகள்தான். மெய்ப்புள்ளியும் உயிர்க்குறியும் தனித்தனிக் குறியீடு என்பதை மறக்காதீர்கள். "அறிக்கை" பார்வைக்கு நான்கு எழுத்து. உள்ளே ஏழு குறியீடு, 21 பைட். விண்டோஸின் என்டிஎஃப்எஸ் பைட்டை எண்ணாது; அங்கே 255 தமிழ்க் குறியீடுகள் கொள்ளும். அதனால் விண்டோஸில் வைத்த நீளமான தமிழ்ப் பெயர் லினக்ஸுக்கு நகலெடுக்கும்போது மறுக்கப்படும்.

மறுபக்கம், விண்டோஸில் முழுப் பாதைக்கும் சேர்த்து 260 எழுத்து என்ற பழைய வரம்பு உண்டு. விண்டோஸ் 10-இன் 1607 பதிப்பிலிருந்து ரெஜிஸ்ட்ரியில் இதை நீக்கலாம். பைதான் நிறுவி முடியும்போது அதற்கு ஒரு பொத்தானும் காட்டும். மற்றவர் கணினியில் அதை அழுத்தியிருப்பார்கள் என்று நம்பாதீர்கள்.

6. பெரிய எழுத்து, சின்ன எழுத்து

லினக்ஸ் இரண்டையும் வேறு வேறாகப் பார்க்கும். விண்டோஸும், இயல்பான அமைப்பில் மேக்கும் ஒன்றாகவே பார்க்கும். ஆங்கிலப் பெயர்களை முழுக்கச் சின்ன எழுத்தில் வைத்தால் பிரச்சினை முடிந்தது. பெயர் தமிழில் இருந்தாலும் நீட்டிப்பு ஆங்கிலத்தில்தான் இருக்கும், சில மென்பொருள்கள் அதைப் பெரிய எழுத்தில் எழுதும். நீட்டிப்பை ஒப்பிடுமுன் சஃபிக்ஸ் எடுத்து லோயர் செய்துகொள்ளுங்கள். கிட் (நிரலின் மாற்றங்களைப் பதிந்து வைக்கும் கருவி) களஞ்சியத்தில் எழுத்தளவை மட்டும் மாற்றி மறுபெயரிட வேண்டும் என்றால், இடையில் வேறொரு பெயருக்கு மாற்றி, கமிட்டுக்கு முன் சரியான பெயருக்குக் கொண்டுவாருங்கள்.

7. ஒரே பெயர், இரண்டு வடிவம்: "கொ" செய்யும் குழப்பம்

என் நான்கு ஃபைல்களை விழுங்கியது இதுதான். தமிழில் பெயர் வைக்கும் எல்லோரும் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்று நினைக்கிறேன், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

விடுபட்டவை: கொள்முதல், போக்குவரத்து, தொலைபேசி, சோதனை. ஒழுங்காகச் சேர்ந்தவை: சம்பளம், வாடகை, விற்பனை. பட்டியலை எத்தனையோ முறை பார்த்தும் எனக்கு எதுவும் படவில்லை. திரையில் பெயர்கள் அச்சு அசலாக ஒன்றாகவே இருந்தன. கடைசியில் பெயரின் நீளத்தை அச்சிட்டுப் பார்த்தேன். நான் நிரலில் எழுதிய "கொள்முதல்" 9 குறியீடு. ஃபோல்டரிலிருந்து வந்த "கொள்முதல்" 10.

காரணம் இது. யூனிகோடில் "கொ"வை இரண்டு விதமாக எழுதலாம். ககரத்துக்குப் பின் ஒகரக்குறி முழுசாக ஒரே குறியீடு. அல்லது ககரத்துக்குப் பின் ஒற்றைக்கொம்பும் காலும் தனித்தனியாக இரண்டு குறியீடு. "கோ", "கௌ" இரண்டுக்கும் இதே கதை. தனி எழுத்தான "ஔ"வுக்கும் உண்டு. மேக்கின் பழைய எச்எஃப்எஸ் பிளஸ் முறைமை பெயர்களைச் சேமிக்கும்போதே பிரித்து வைத்துவிடும். நண்பரின் வெளி வட்டு அந்த முறைமையில் இருந்தது. புதிய ஏபிஎஃப்எஸ், கொடுத்த வடிவத்தை அப்படியே வைத்துக்கொண்டு இரண்டையும் ஒரே பெயராக மதிக்கும். ஈஎக்ஸ்டி4-உம் என்டிஎஃப்எஸ்-உம் இரண்டையும் வேறு வேறு ஃபைலாகவே நினைக்கும். அதாவது ஒரே ஃபோல்டரில் பார்வைக்கு ஒரே பெயரில் இரண்டு ஃபைல் இருக்க முடியும்.

தீர்வு ஒரு வரி. யூனிகோடுடேட்டா நூலகத்தின் நார்மலைஸ் கட்டளைக்கு "என்எஃப்சி" என்று சொல்லிப் பெயரைக் கொடுங்கள், சேர்ந்த வடிவம் கிடைக்கும். ஒப்பிடும்போது இரண்டு பக்கத்தையும் அப்படி மாற்றி ஒப்பிடுங்கள். ஆனால் ஃபைலைத் திறக்கும்போது ஃபோல்டர் தந்த அசல் பெயரையே பயன்படுத்துங்கள். மாற்றிய பெயரில் திறக்கப் போனால் லினக்ஸில் "அப்படி ஒரு ஃபைல் இல்லை" என்று வரும். முதல் முறை திருத்தியபோது நான் இதைக் கவனிக்கவில்லை, இன்னொரு நாள் போனது.

இதனால் தீராத ஒன்றும் இருக்கிறது. "கௌரவம்" என்பதை ஒற்றைக்கொம்பும் ளகரமும் போட்டு "கெளரவம்" என்று தட்டுபவர்கள் பலர். அது வேறு எழுத்து. எந்த நார்மலைஸும் அதைச் சரிசெய்யாது. பெயர்களைக் கையால் தட்டாமல் ஒரே இடத்திலிருந்து எடுப்பதுதான் வழி.

8. எழுதும் இடம்

அமைப்பு ஃபைல்களை லினக்ஸில் வீட்டு ஃபோல்டருக்குள் ".கான்ஃபிக்" ஃபோல்டரிலும், மேக்கில் லைப்ரரிக்குள் அப்ளிகேஷன் சப்போர்ட்டிலும், விண்டோஸில் ஆப்டேட்டாவிலும் வைப்பது வழக்கம். இதை நீங்களே நிபந்தனை போட்டு எழுத வேண்டாம், பிளாட்ஃபார்ம்டிர்ஸ் என்ற இலவச நூலகம் சொல்லும். தற்காலிக ஃபைலுக்கு டெம்ப்ஃபைல் நூலகம்.

9. மாற்றும்போது, நீக்கும்போது, வரிசையாகப் படிக்கும்போது

ஏற்கெனவே இருக்கும் ஃபைலின் பெயருக்கு மாற்றினால், ரீநேம் லினக்ஸில் மேலெழுதிவிடும், விண்டோஸில் பிழை தரும். ரீபிளேஸ் எங்கும் மேலெழுதும். வேறு டிரைவுக்கு நகர்த்த ஷட்டில் நூலகத்தின் மூவ் தான் சரி.

பைதானில் திறந்திருக்கும் ஃபைலை லினக்ஸ் நீக்க விடும். விண்டோஸ் அனுமதி இல்லை என்று மறுக்கும். "வித்" போட்டுத் திறந்தால் வேலை முடிந்ததும் மூடிவிடும், பிறகு நீக்குங்கள்.

ஃபோல்டரைப் பட்டியலிட்டால் பெயர்கள் அகரவரிசையில் வரும் என்று நம்பாதீர்கள். என்டிஎஃப்எஸ்-இல் பெரும்பாலும் அப்படி வருவதால் விண்டோஸ்காரர்கள் இதில் ஏமாறுகிறார்கள். ஈஎக்ஸ்டி4-இல் எந்த வரிசையிலும் வரும். எப்போதும் சார்ட்டட் போடுங்கள்.

ஃபைலுக்குள் தமிழ் இருந்தால் திறக்கும்போதே யூடிஎஃப்-8 என்று குறிப்பிடுங்கள். குறிப்பிடாவிட்டால் விண்டோஸில் பைதானின் பெரும்பாலான பதிப்புகள் அந்தக் கணினியின் பழைய குறிமுறையை எடுத்துக்கொள்ளும். அதில் தமிழ் இருக்காது.

10. பாதை நிரலைவிட்டு வெளியே போகும்போது

ஜேசானிலோ சிஎஸ்வியிலோ பாதையைச் சேமிக்கும்போது, ஆதார ஃபோல்டரிலிருந்து தொடங்கும் பகுதியை மட்டும், ஆஸ்பாசிக்ஸ் செய்து முன்னோக்கிய ஸ்லாஷோடு எழுதுங்கள். ஜிப் ஃபைலுக்குள்ளும் அந்த ஸ்லாஷ்தான் விதி. பல ஃபோல்டர்களை ஒரே சூழல் மாறியில் அடுக்குவதானால், நடுவில் விண்டோஸில் அரைப்புள்ளி, மற்றவற்றில் முக்காற்புள்ளி. ஓஎஸ் நூலகத்தின் பாத்செப் அதைத் தரும்.

வேறு நிரலைக் கூப்பிடும்போது ஒரே சரமாக ஒட்டாமல் பட்டியலாகக் கொடுங்கள், இடைவெளி உள்ள பெயர்கள் பிழைக்கும். பாஷில் மாறியைச் சுற்றி எப்போதும் இரட்டை மேற்கோள். சிறுகோட்டில் தொடங்கும் பெயரைத் தெரிவு என்று எண்ணிவிடாமல் இருக்க, பெயர்களுக்கு முன்னால் இரட்டைச் சிறுகோடு. பாஷ் ஸ்கிரிப்டை விண்டோஸில் திருத்தினால் வரி முடிவு மாறி, லினக்ஸில் முதல் வரியிலேயே நிற்கும். கிட்அட்ரிப்யூட்ஸ் ஃபைலில் அதற்கு எல்எஃப் என்று ஒரு முறை குறித்துவிடுங்கள்.

11. கொடுப்பதற்கு முன் சோதனை

விண்டோஸ் இல்லாமலேயே பாதி சோதனையை முடிக்கலாம். பாத்லிப்பில் ப்யூர்விண்டோஸ்பாத் என்று ஒன்று உண்டு. லினக்ஸிலேயே அது விண்டோஸ் விதிப்படி ஒட்டிக் காட்டும், பிரித்துக் காட்டும், வட்டைத் தொடாது. பாதையைக் கையாளும் செயற்கூறுகளை இதை வைத்துச் சோதிக்க அரை மணி நேரம் போதும்.

பிறகு ஒரு சோதனை ஃபோல்டர் உருவாக்குங்கள். அதற்குள் இடைவெளி உள்ள ஒரு பெயர், சிறுகோட்டில் தொடங்கும் ஒன்று, நீட்டிப்பு பெரிய எழுத்தில் உள்ள ஒன்று, சேர்ந்த வடிவத்தில் ஒரு "கொள்முதல்", துணை ஃபோல்டர் ஒன்றில் பிரிந்த வடிவத்தில் இன்னொரு "கொள்முதல்". பிரிந்ததைக் கையால் தட்டாமல், "என்எஃப்டி" கொடுத்து நார்மலைஸ் செய்து நிரலாலேயே உருவாக்குங்கள். அந்த ஃபோல்டரின் பெயரிலும் ஒரு இடைவெளி இருக்கட்டும்.

இப்போது ஸ்கிரிப்டை அதன் ஃபோல்டரிலிருந்து ஓட்டாமல் வேறெங்காவது நின்று ஓட்டுங்கள். முடிந்ததும் எத்தனை ஃபைல் கண்டது, எத்தனை சேர்த்தது என்று இரண்டு எண்களையும் ஸ்கிரிப்டே அச்சிட வேண்டும். இரண்டும் பொருந்தாவிட்டால் பிழையோடு நிற்க வேண்டும். என் ஸ்கிரிப்டில் அந்த ஒரு வரி முதல் நாளே இருந்திருந்தால், தவறான தொகை மூன்று வாரம் அறிக்கையில் நின்றிருக்காது.